பிரதியும் வாடகையும்

ஒரு விளையாட்டைப் பற்றி, அதுவும் அமெரிக்க நடுமேற்கில் பிறந்த விளையாட்டைப் பற்றி, இந்தப் பக்கங்களில் எழுதுவதற்கு முன்னால் சமாதானம் சொல்ல வேண்டும் என்று நண்பர்கள் சிலர் எதிர்பார்க்கக்கூடும். நான் சொல்லப் போவதில்லை. பிரதி என்றால் என்ன, அது யாருடையது, வாசகன் அதில் எந்த அளவுக்குப் பங்காளி என்பதையெல்லாம் நாம் பல வருஷங்களாக மேற்கத்தியப் பெயர்களை உச்சரித்துக்கொண்டு விவாதித்து வருகிறோம். அந்தப் பெயர்களில் ஒன்றைக்கூடக் கேள்விப்பட்டிராத ஏராளமான பேர், கையில் பகடையை வைத்துக்கொண்டு, மாதச் சந்தா என்ற ஸ்தூலமான வடிவத்தில் அதே கேள்விகளைச் சந்தித்திருக்கிறார்கள். அவர்களுடைய எரிச்சல் நம்முடைய விவாதங்களைவிட உண்மையானது என்று எனக்குப் படுகிறது. அவர்கள் கையிலிருந்து ஏதோ ஒன்று நிஜமாகவே போயிருக்கிறது. அது என்ன என்பதை அவர்களே சரியாகச் சொல்லவில்லை என்பதுதான் இதை எழுதத் தூண்டிய விஷயம்.

ஆட்டத்தின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெஸன் என்ற இருவர் எழுத, விஸ்கான்ஸின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து வெளிவந்தது. ஒரு பெட்டிக்குள் மூன்று மெல்லிய புத்தகங்கள். விலை 10 டாலர். முதல் அச்சு 1000 பிரதிகள். (இந்த எண்ணிக்கை நமக்கு அந்நியமானதல்ல. விற்றுத் தீர்ந்தது என்பது மட்டும்தான் அந்நியம்.) கம்ப்யூட்டர் விளையாட்டு என்று இதை நினைத்துக்கொள்கிறவர்கள் முதலில் அந்த நினைப்பை விட வேண்டும். மேஜையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்துகொள்கிறார்கள். ஒருவர் ஆட்டத்தை நடத்துகிறவர். டன்ஜன் மாஸ்டர் என்பது அவருக்குப் பெயர். ஒரு குகை, ஒரு கோட்டை, ஒரு பாழடைந்த ஊர் என்று அவர் வாயால் சொல்லிக்கொண்டே போகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, கதவைத் திறக்கிறேன், ஓடுகிறேன், பொய் சொல்கிறேன் என்று பதில் சொல்கிறார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை தீர்மானிக்கிறது. பார்வையாளர் கிடையாது. முடிவு முன்கூட்டி யாருக்கும் தெரியாது. ஆடி முடித்தபின் மிஞ்சுவது, பென்ஸிலால் கிறுக்கிய சில தாள்களும், அங்கே இருந்தவர்களின் ஞாபகமும்.

இதில் புத்தகத்தின் இடம் என்ன? கதை புத்தகத்தில் இல்லை. புத்தகத்தில் இருப்பது விதிகள், அட்டவணைகள், மந்திரங்களின் பட்டியல், பிராணிகளின் வர்ணனை. நாவலை வாசிப்பதுபோல் இதை வாசித்துவிட்டு மூடிவைத்தால் எதுவும் நிகழ்ந்ததாக ஆகாது. சங்கீதத்தில் ஸ்வரக் குறிப்புக்கு இருக்கும் அந்தஸ்துதான் இதற்கும். உம்பர்ட்டோ எக்கோ 1962இல் திறந்த படைப்பு என்ற கருத்தை முன்வைத்தபோது ஸ்டாக்ஹௌஸன், பெரியோ போன்றவர்களின் இசையை உதாரணம் காட்டினார். எந்தப் பகுதியை எப்போது வாசிப்பது என்பதை வாசிக்கிறவனே தேர்ந்துகொள்ளும்படி எழுதப்பட்ட ஸ்டாக்ஹௌஸனின் பியானோத் துண்டு அதில் ஒன்று. பன்னிரண்டு வருஷம் கழித்து வந்த இந்த மூன்று புத்தகங்கள் அதைவிட எத்தனையோ தூரம் போயின. எக்கோவின் பியானோக்காரன் கொடுத்த துண்டுகளை வரிசை மாற்றுகிறான், அவ்வளவுதான், துண்டுகள் ஸ்டாக்ஹௌஸனுடையவை. இங்கே மேஜையில் இருப்பவன் துண்டுகளையே மாற்றுகிறான். பிடிக்காத விதியை அடிக்கிறான், இல்லாததை ஓரத்தில் எழுதிச் சேர்க்கிறான். வீட்டு விதி என்று அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. மூன்றாவது புத்தகத்தின் முடிவுரையும் ஏறக்குறைய இதைத்தான் கேட்டுக்கொள்கிறது: சந்தேகம் வந்தால் ஆசிரியர்களுக்கு எழுதிக் காத்திருப்பதைவிட வாசகனே தீர்த்துக்கொள்வது மேல் என்ற கருத்துப்பட அது முடிகிறது.

இதை ஒரு பொற்காலமாகக் காட்டும் உத்தேசம் எனக்கு இல்லை. 1970களின் இறுதியில் அட்வான்ஸ்ட் என்ற அடைமொழியோடு பெரிய புத்தகங்கள் வந்தபோது, அதே கைகாக்ஸ் அதிகாரபூர்வமான விதி என்ற கோஷத்தைக் கையிலெடுத்தார். அவரவர் இஷ்டப்படி மாற்றி ஆடுகிறவர்கள் ஆடுவது அந்த ஆட்டமே அல்ல என்ற அளவுக்குப் போனார். ஸ்தாபனமாகிவிட்ட எந்த ஆசிரியனும் செய்வதுதான். ஆனால் அவர் சொன்னதால் ஒரு வீட்டு மேஜையிலும் எதுவும் மாறிவிடவில்லை. புத்தகம் ஆடுகிறவனின் அலமாரியில் இருந்தது, பென்ஸில் அவன் கையில் இருந்தது. லேக் ஜெனீவாவிலிருந்து ஒருவர் வந்து அவன் எழுதியதை அழித்துவிட்டுப் போக வழியில்லை. பின்னால் நடந்ததெல்லாம் இந்த வழியை உண்டாக்கியதன் கதை.

டிராகன் என்ற பத்திரிகை 1976 ஜூனில் தொடங்கியது. அதற்குத் துணையாக 1986இல் டன்ஜன் என்ற இன்னொன்று. இரண்டாவதில் வந்தவை பெரும்பாலும் ஆடுவதற்குத் தயாரான கதைத் திட்டங்கள். எழுதியவர்களில் பலர் பிறகு இத்துறையில் தொழில்முறை எழுத்தாளர்களானார்கள். நம் சூழலின் அர்த்தத்தில் இவற்றைச் சிறுபத்திரிகை என்று சொல்ல முடியாது. விளம்பரமும் வண்ண அட்டையும் உண்டு. ஆனால் ஒரு பத்திரிகை ஒரு சிறு உலகத்துக்குச் செய்யக்கூடியதை இவை செய்தன. வாசகன் எழுத்தாளனாக மாறும் வாசலாக இருந்தன. பழைய இதழ் ஒன்று கைமாறிக் கைமாறி, அட்டை போய், இருபது வருஷத்துக்குப் பிறகு ஒரு பையனின் மேஜைக்கு வந்து சேர்வது சாத்தியமாக இருந்தது. 1997இல் தாய்க் கம்பெனியான டி.எஸ்.ஆரை விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. 1999இல் விஸார்ட்ஸை ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனி வாங்கியது. 2007 செப்டம்பரில் டிராகன் 359ஆம் இதழோடும் டன்ஜன் 150ஆம் இதழோடும் அச்சில் நின்றன. இனி எல்லாம் இணையத்தில், சந்தாதாரர்களுக்கு மட்டும் என்றார்கள். அந்தப் புதிய வடிவமும் 2013 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது.

சந்தா என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. நம்மிடமும் சந்தா உண்டு. (நம் பத்திரிகைக்கு எத்தனை சந்தா என்பது ஆசிரியருக்கும் எனக்கும் தெரியும்; இங்கே எழுதி அவரைச் சங்கடப்படுத்தவில்லை.) நம் சந்தா இன்னும் எழுதப்படாத ஒன்றுக்கு முன்பணம் கொடுக்கும் நம்பிக்கை. இதழ் வந்து சேர்ந்த கணத்தில் கணக்கு தீர்ந்தது. அடுத்த வருஷம் சந்தா கட்டாவிட்டால் அடுத்த இதழ் வராது, ஆனால் போன வருஷத்து இதழைத் திருப்பி எடுத்துப்போக யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள். 2008இல் நான்காம் பதிப்போடு விஸார்ட்ஸ் ஆரம்பித்த டி அண்ட் டி இன்ஸைடர் என்ற சேவையும் சந்தா என்றே பெயர் சூட்டிக்கொண்டது. பெயர் ஒன்று, விஷயம் வேறு. அதில் கட்டுவது வாடகை. கட்டுவது நின்றால் எதிர்காலம் மட்டுமல்ல, கடந்த காலமும் சேர்ந்து பூட்டப்படும்.

இந்த இன்ஸைடரின் சரித்திரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நான்காம் பதிப்பு, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் டஜன் கணக்கில் தனித்தனிச் சக்திகள், ஒவ்வொன்றுக்கும் கூட்டல் கழித்தல், அவற்றின்மேல் மாதாமாதம் திருத்தங்கள் என்று கணக்குப்பிள்ளை வேலையாகக் கனத்துப்போன பதிப்பு. கணக்கு எழுதிப் பிழைக்கிற என்னைப் போன்றவனுக்கே மூச்சு முட்டும். ஆகவே பாத்திரத்தை அமைத்துத் தரும் ஒரு நிரலைக் கம்பெனி கொடுத்தபோது ஆடுகிறவர்கள் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்கள். அது 2009இல் வந்தது. சொந்தக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்ளக்கூடியது. ஒரு மாதம் பணம் கட்டிப் புதிய விவரங்களை இறக்கிக்கொண்டு, பிறகு சில மாதம் கட்டாமல் இருக்கலாம், இறக்கியது இறக்கியதுதான். பலர் அப்படித்தான் செய்தார்கள். கம்பெனியின் கண்ணில் இது ஓட்டை. 2010 நவம்பரில் அந்த நிரலை ஓரங்கட்டி, இணையத்தில் மட்டுமே இயங்கும் வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். பழையதற்குப் புதிய விவரங்கள் நின்றுபோயின. புதியதில் வீட்டு விதிகளைச் சேர்ப்பது தொடக்கத்தில் முன்னைவிடக் கடினமாயிற்று. எரிச்சல் அப்போது தொடங்கியது. தொலைவில் இருப்பவர்கள் சேர்ந்து ஆட ஒரு கம்ப்யூட்டர் மேஜை தருவோம் என்று ஆரம்பத்தில் வாக்களித்திருந்தார்கள். அது 2010 இறுதியில் சோதனை வடிவமாக எட்டிப்பார்த்து 2012இல் மூடப்பட்டது. மொத்தச் சேவையும் 2020 ஜனவரி 1ஆம் தேதி நிறுத்தப்பட்டது. அது சில்வர்லைட் என்ற மைக்ரோஸாஃப்ட் தொழில்நுட்பத்தின்மேல் கட்டப்பட்டிருந்தது, அந்தத் தொழில்நுட்பத்துக்கு ஆயுள் முடிந்துகொண்டிருந்தது என்பது சொல்லப்பட்ட காரணம். காரணம் உண்மைதான். ஒரு ஆட்டத்தின் ஞாபகசக்தியை இன்னொரு கம்பெனியின் கைவிடப்பட்ட சரக்கின்மேல் கட்டியது யார் என்ற கேள்வி மட்டும் பாக்கி.

இதே காலத்தில் நடந்த இன்னொன்று. 2009 ஏப்ரலில், புதிதாக வந்திருந்த ஒரு புத்தகம் திருட்டுத்தனமாக இணையத்தில் பரவியது என்று சொல்லி எட்டுப் பேர்மேல் வழக்குப் போட்ட விஸார்ட்ஸ், அதோடு தன் எல்லா பி.டி.எஃப். புத்தகங்களின் விற்பனையையும் ஒரேயடியாக நிறுத்தியது. 1970களிலிருந்து வந்த பழைய புத்தகங்களும் இதில் அடக்கம். காசு கொடுத்து வாங்கி, கடையின் கிடங்கிலேயே இருக்கட்டும், வேண்டும்போது மறுபடி இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தவர்கள் ஏமாந்தார்கள். விற்பனை மறுபடி தொடங்க 2013 ஜனவரி ஆயிற்று. அதே 2009இன் ஜூலையில் அமேஸான், உரிமைத் தகராறு ஒன்றைக் காட்டி, ஆர்வெலின் 1984 நாவலை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. இலக்கிய உலகம் அந்த முரண்நகையை ரசித்துப் பேசியது. மேஜையாட்டக்காரர்களின் புகாரை யாரும் சீண்டவில்லை.

2014இல் ஐந்தாம் பதிப்பு. 2017 ஆகஸ்டில் கர்ஸ் என்ற கம்பெனி, உரிமம் பெற்று, டி அண்ட் டி பியாண்ட் என்ற சேவையைத் தொடங்கியது. 2018 இறுதியில் அது ஃபேண்டம் கைக்குப் போனது. 2022இல் ஹாஸ்ப்ரோ அதை 14.63 கோடி டாலருக்கு வாங்கியது. விதிகளை எழுதுகிற கம்பெனியே விதிகளைச் செயல்படுத்தும் யந்திரத்தின் சொந்தக்காரனும் ஆனது. சேவை அழகாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தொட்டால் பகடை உருள்கிறது, கூட்டல் தானே நடக்கிறது, முதல் தடவை ஆடுகிறவன் திணறுவதில்லை. அச்சுப் புத்தகத்தை ஏற்கெனவே வாங்கியவன் இங்கே அதையே இன்னொரு தடவை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்து விற்கும் ஏற்பாடு வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. பெரிய புத்தகத்திலிருந்து தனக்கு வேண்டிய ஒரு பகுதியை மட்டும் சில டாலருக்கு வாங்கிக்கொள்ளும் வசதி இருந்தது. 2024இல் அதை எடுத்துவிட்டார்கள். இவையெல்லாம் வியாபாரத்தின் சில்லறைச் சச்சரவுகள். இவற்றைக் கடந்துபோகலாம்.

கடந்துபோக முடியாதது ஒன்று உண்டு. அந்தச் சேவையில் சந்தா இரண்டு படிகளாக விற்கப்பட்டது: மாதம் 2.99 டாலர், மாதம் 5.99 டாலர். உயர்ந்த படியைக் கட்டுகிறவருக்கு என்ன கிடைத்தது? அவர் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய புத்தகங்களைத் தன்னோடு ஆடுகிறவர்கள் படிக்கலாம். அவ்வளவுதான் அதன் சாரம். அச்சுப் புத்தகம் மேஜை நடுவில் கிடக்கும்போது யாரும் யாரிடமும் கேட்பதில்லை. ஒருவர் புரட்டுகிறார், அடுத்தவர் இழுக்கிறார், காப்பிக் கறை படுகிறது. ஐந்து பேர் ஒரு பிரதியைப் பார்ப்பது தனியான செயல் என்றே நாம் உணர்ந்ததில்லை; மேஜையைச் சுற்றி உட்கார்வதிலேயே அது அடங்கியிருந்தது. இப்போது அதைத் தனியே பிய்த்தெடுத்து, பெயர் வைத்து, மாதக் கட்டணம் நிர்ணயித்துவிட்டார்கள். நண்பனுக்குப் புத்தகத்தைத் தள்ளிக்கொடுக்கும் கை அசைவுக்கு வாடகை. இந்த ஆட்டத்தின் ஜீவன் ஒரு பிரதியைப் பலர் சேர்ந்து வாசித்துப் பேசுவதில் இருக்கிறது என்றால், வாடகை விழுவது சரியாக அந்த ஜீவன்மேல்தான்.

அந்த வாடகையைக் கட்டுவது யார் என்பதும் தெரிந்த விஷயம். 2022 டிசம்பரில் முதலீட்டாளர்களுக்கான ஒரு கூட்டத்தில் விஸார்ட்ஸின் அன்றைய தலைவர் சிந்தியா வில்லியம்ஸ், இந்த ஆட்டத்திலிருந்து இன்னும் போதுமான அளவு பணம் பண்ணப்படவில்லை என்று சொன்னார். ஆட்டத்தை நடத்துகிறவர்கள் மொத்தத்தில் ஏறக்குறைய 20 சதவிகிதம் பேர்தான், ஆனால் பணம் செலவழிக்கிறவர்களில் பெரும்பங்கு அவர்கள் என்பதும் அவர் சொன்ன விவரம். கம்பெனியின் நோக்கில் இது ஒரு குறைபாடு: மீதி 80 சதவிகிதம் சும்மா ஆடிவிட்டுப் போகிறது. நம் நோக்கில் பார்த்தால் மேஜையில் ஒருவர் விருந்தளிக்கிறார், மற்றவர்கள் விருந்தாளிகள். ஒரு வாரம் உழைத்துக் கதையைத் தயார் செய்கிறவரும் அவரே, பகடையும் பஜ்ஜியும் வாங்கி வைக்கிறவரும் அவரே. (பஜ்ஜி என் சேர்க்கை. அங்கே பீட்ஸா.) நம் பத்திரிகையின் ஒரு பிரதியைப் பத்துப் பேர் படிக்கிறார்கள், ஒருவர்தான் சந்தா கட்டுகிறார் என்று ஆசிரியர் அலுத்துக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் மீதி ஒன்பது பேரையும் வாசகர் கணக்கில் சேர்த்துத்தான் அவர் பெருமைப்பட்டுக்கொள்கிறார். ஹாஸ்ப்ரோவின் கணக்குப் புத்தகத்தில் அந்த ஒன்பது பேர் வராக்கடன்.

வாங்கு என்ற வினையைக் கவனிக்க வேண்டும். தமிழில் இது விசாலமான சொல். விலைக்கு வாங்குகிறோம், கடன் வாங்குகிறோம், அடி வாங்குகிறோம். கைக்கு வந்தால் போதும், உடைமையா இல்லையா என்பதை முன்னால் நிற்கும் சொல் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் விலைக்கு வாங்குவதற்கென்றே தனிச்சொல் இருக்கிறது. அந்தச் சொல்லைத் திரையில் பொத்தானாகப் போட்டுவிட்டு, அடியில் பொடியெழுத்தில் இது உரிமம் மட்டுமே என்று எழுதுவது அங்கே வழக்கமாகிவிட்டது. கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டமே போட வேண்டி வந்தது. 2025 ஜனவரி 1 முதல், திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய டிஜிட்டல் சரக்கை விற்கிறவர், அது உரிமம்தான் என்பதை வெளிப்படையாகத் தெரிவிக்காமல் அந்த வினையைப் பயன்படுத்தக் கூடாது. ஒரு வினைச்சொல்லின் அர்த்தத்தைக் காப்பாற்றச் சட்டசபை கூடியது என்பது இலக்கியக்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. நான் வேலை பார்க்கும் தொழிலில் லாக்கர் என்று ஒன்று உண்டு. அதற்கும் வருஷ வாடகை வாங்குகிறோம். ஆனால் வாடகை பெட்டிக்கு. உள்ளே இருக்கும் வளையல் வாடிக்கையாளருடையது, அது என்ன டிஸைன் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. பெட்டிக்குள் கையைவிட்டு வளையலை உருக்கி வேறு மாதிரி செய்து வைப்பது எந்த வங்கியும் யோசிக்காதது.

2024 ஆகஸ்டில் நடந்தது ஏறக்குறைய அதுதான். புதுப்பிக்கப்பட்ட விதிப்புத்தகம் செப்டம்பரில் வரவிருந்தது. அதை முன்னிட்டு பியாண்ட் சேவை ஒரு அறிவிப்பு வெளியிட்டது: பாத்திரங்களின் தாள்களில் இருக்கும் 2014ஆம் வருஷத்து மந்திரங்களும் மாயப் பொருள்களும் புதிய வடிவத்துக்கு மாற்றப்படும். புதிய புத்தகத்தை வாங்காதவர்களுக்கும் சேர்த்துத்தான். பழைய வாசகம் வேண்டுமென்கிறவர்கள், சொந்தச் சரக்கைச் சேர்ப்பதற்கென்று இருக்கும் பகுதியில் அதைத் தாங்களே உள்ளிட்டு வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் கூடவே வந்தது.

இந்த யோசனையில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். வீட்டு விதி என்பது அந்த ஆட்டத்தில் வாசகனின் சிருஷ்டி. அச்சிட்ட பிரதிக்கு எதிராக, அதன் ஓரத்தில், அவன் எழுதுவது. இப்போது அச்சிட்ட பிரதியையே, தான் காசு கொடுத்ததையே, அவன் தன் சொந்தக் கற்பனை என்று பொய்யான தலைப்பில் தட்டச்சு செய்து வைத்துக்கொள்ள வேண்டும். மூலம் ஓரக்குறிப்பாகிறது. இரண்டு வருஷமாக வாரந்தோறும் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு குழுவை யோசியுங்கள். நேற்று வரை ஒரு மந்திரம் ஒரு விதமாக வேலை செய்தது. அதை நம்பி அவர்கள் ஒரு அரசனைக் காப்பாற்றினார்கள் அல்லது கொன்றார்கள். நாளைக்கு அதே பெயரின் கீழ் வேறு வாசகம். சில நாட்களுக்குள் கூச்சல் தாங்காமல் கம்பெனி பின்வாங்கி, பழையதும் இருக்கும் என்றது. பின்வாங்கினார்கள் என்பதைவிட, அப்படிச் செய்ய முடியும் என்று தெரிந்ததுதான் முக்கியம். பென்ஸில் இடம் மாறிவிட்டது. 1974இல் அது வாசகனிடம் இருந்தது.

இனி ஆடுகிறவர்களைப் பற்றியும் நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களுடைய வாதங்களில் எனக்கு உடன்பாடு குறைவு. அவர்களுடைய புகார்களில் பெரும்பகுதி விலையைப் பற்றியது. மாதத்துக்கு இத்தனை டாலர் அதிகம், அதற்குத் தகுந்த சரக்கு வரவில்லை, வாக்களித்த வசதி வரவில்லை. நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தின் பாஷை. இந்தப் பாஷையில் பேசினால் பதிலும் அதே பாஷையில்தான் வரும்: விலையைக் குறைக்கிறோம், சரக்கைக் கூட்டுகிறோம். அதற்குமேல் பேச இடமில்லாமல் போகிறது. மாதம் 6 டாலர் என்பது அவர்கள் வீட்டு பீட்ஸாவில் பாதி. விலை பாதியானாலும், சேவையே இலவசமானாலும், யந்திரம் அனுமதிப்பதுதான் விதி என்ற நிலைமை மாறாது. இன்னொன்று, அதிகாரபூர்வமானது என்ற சொல்லுக்கு அவர்களே பல வருஷங்களாக அடிமைகள். கம்பெனி அச்சடித்தது என்றால் நம்பத்தகுந்தது, மேஜையில் நண்பன் உண்டாக்கியது என்றால் இரண்டாம் தரம் என்ற மனோபாவம் அவர்களிடம் ஊறியிருக்கிறது. வீட்டு விதிகளைக் கம்பெனி அழிக்கவில்லை. அவற்றுக்கு ஒரு மூலையில் இடம் ஒதுக்கியிருக்கிறது. எளிய வேலைகளுக்கு அந்த மூலை சரியாக இருக்கிறது. ஆட்டத்தின் அடிப்படையையே புரட்டும் ஒரு விதியை, உதாரணமாக மந்திரம் போடுகிறவன் ஒவ்வொரு தடவையும் ஒரு ஞாபகத்தை இழக்க வேண்டும் என்ற மாதிரி ஒன்றை, அதில் எழுதிப் பாருங்கள். அதற்கான கட்டம் படிவத்தில் இராது. படிவத்தில் கட்டம் இல்லாததை மனிதன் நாளடைவில் யோசிப்பதையே விட்டுவிடுகிறான். படிவங்களோடு பதின்மூன்று வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டு.

ஒரே ஒரு சமயம் அவர்கள் வேறு பாஷையில் பேசினார்கள். 2000இல் விஸார்ட்ஸ், திறந்த ஆட்ட உரிமம் என்று ஒன்றை வெளியிட்டிருந்தது. ஆட்டத்தின் அடிப்படை விதிகளை எடுத்துக்கொண்டு யாரும் எழுதலாம், விற்கலாம், ராயல்டி வேண்டாம். அந்த நிழலில் நூற்றுக்கணக்கான சிறு பதிப்பாளர்கள் வளர்ந்தார்கள். பேஸோ என்ற கம்பெனி 2009இல் பாத்ஃபைண்டர் என்ற போட்டி ஆட்டத்தையே கட்டி எழுப்பியது. 2023 ஜனவரி ஆரம்பத்தில், இந்த உரிமத்தை ரத்தாக்கும் புதிய நகல் ஒன்று பத்திரிகைகளில் கசிந்தது. வருஷத்தில் 7,50,000 டாலருக்கு மேல் வரவுள்ளவர்கள் அதற்குமேல் வருவதில் 25 சதவிகிதம் வரை கொடுக்க வேண்டும் என்ற ஷரத்து அதில் இருந்தது. சாதாரணமாக ஆடுகிறவனை இது நேரடியாக எந்த விதத்திலும் தொடாது. அவன் எதையும் விற்பதில்லை. ஆனாலும் அவன்தான் கிளம்பினான். யாரோ எழுதுகிறவர்களுக்காகத் தன் சந்தாவை ரத்து செய்தான். ரத்து செய்யும் பக்கமே சிறிது நேரம் நெரிசலில் முடங்கியதாகச் செய்தி வந்தது. ஜனவரி 27ஆம் தேதி கம்பெனி பழைய உரிமத்தைத் தொடாமல் விட்டது. அத்தோடு ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் அடங்கிய சுமார் 400 பக்க ஆவணத்தை, திரும்பப் பெற முடியாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவில் வைத்தது.

வெற்றி என்றுதான் இதைக் கொண்டாடினார்கள். எனக்குச் சுவாரஸ்யமாகப் படுவது கருவி. சந்தா என்ற கயிறு இரண்டு பக்கமும் இழுக்கக்கூடியது என்று அன்றைக்குத் தெரிந்தது. அலமாரியில் புத்தகம் வைத்திருக்கும் வாசகனிடம் இந்த ஆயுதம் இல்லை. அவன் கொடுத்த காசு எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது, அவன் கோபத்தால் கம்பெனிக்கு நேற்றைய நஷ்டம் எதுவும் இல்லை. வாடகைக்காரன் மட்டும்தான் அடுத்த மாதத்தை மறுக்க முடியும். ஆனால் மறுக்கும் அந்தக் கணத்தில் தன் மேஜைத் தோழர்களின் புத்தகப் பகிர்வையும் அவனே துண்டித்துக்கொள்கிறான். கட்டணப் பட்டியலைத் தயாரித்தவர்கள் இதை யோசித்திருப்பார்களா என்று தெரியாது. வேலைநிறுத்தம் செய்கிறவனின் வீட்டு அடுப்பு முதலில் அணையும் என்பது பழைய விஷயம்தான். (நம் நாட்டில் 2021 அக்டோபர் முதல், இந்த மாதிரித் தானியங்கிப் பற்றுகளுக்கு ஒரு நாள் முன்னதாகவே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. தகவலைப் படிக்கிறவர்கள் குறைவு. கவுண்டரில் வந்து, இந்தப் பணம் எதற்குப் போயிற்று என்று என்னைக் கேட்கிறவர்கள் அதிகம்.)

பொதுவில் வைக்கப்பட்ட ஆவணத்தில் விதிகள் இருக்கின்றன. அரசர்களும் ஊர்களும் பெயர்பெற்ற பூதங்கள் சிலவும் அதில் இல்லை, அவை கம்பெனியுடையவை. இது எனக்கு நியாயமாகவே தோன்றுகிறது. இலக்கணம் பொதுவில், காவியம் ஆசிரியனிடம். சிக்கல் எங்கே என்றால், மேஜையில் உண்டாகும் காவியம் இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாமல் நிற்கிறது. அதை எழுதியவர்கள் ஐந்தாறு பேர். அதன் பிரதி என்று சொல்லக்கூடியது அந்தப் பாத்திரத் தாள்களும் குறிப்புகளும் மட்டுமே. முன்பு அவை ஒரு பழைய கோப்பில் கிடந்தன. ஓரம் மடங்கி, பகடைக் கணக்குகள் அடித்து அடித்துத் திருத்தப்பட்டு, ஒரு பாத்திரம் செத்த தேதி மூலையில் குறிக்கப்பட்டு. இப்போது அவை சேவையின் கிடங்கில் இருக்கின்றன. 2020 ஜனவரி 1ஆம் தேதி இன்ஸைடர் மூடப்பட்டபோது, முன்கூட்டியே அச்செடுத்து வைக்காதவர்களின் தாள்கள் அதோடு போயின.

அந்த நான்காம் பதிப்பை இன்றும் ஆடுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் பயன்படுத்துவது 2010இல் கம்பெனி கைவிட்ட அந்தப் பழைய நிரலை. அன்று தங்கள் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்தவர்கள் அதை அழிக்கவில்லை. அதற்குப்பின் வந்த விவரங்களை, கம்பெனியின் அனுமதி இல்லாமல், ஆடுகிறவர்களே ஒவ்வொன்றாக அதில் சேர்த்திருக்கிறார்கள்.